ஓடுகிற கருவிக்கு ஆயுள் முடிந்ததாம்

திருப்பூரில் ஒரு பனியன் ஏற்றுமதி நிறுவனத்தின் வலையமைப்பைக் கவனிக்கும் எனக்கு, இணையத் தாக்குதல்களைத் தடுக்கும் எங்கள் ஃபயர்வால் கருவிக்குத் தயாரிப்பாளரின் ஆதரவு முடியப்போகிறது என்று நேற்று வந்த மின்னஞ்சலைப் படித்ததும் பொறுமை அற்றுப்போனது. விற்பனை நிற்பதற்கு ஒரு தேதி, மென்பொருள் மேம்பாடு நிற்பதற்கு ஒரு தேதி, பாதுகாப்புத் திருத்தம் நிற்பதற்கு வேறொரு தேதி. இத்தனையையும் எவர் நினைவில் வைத்திருப்பது? மென்பொருளின் புதிய பதிப்புக்கு மாறலாமென்றால் இந்தக் கருவியின் நினைவகம் அதற்குப் போதாது. வெளிவந்த வாரமே ஏற்றிய முந்தைய பதிப்பில் கிளை அலுவலகத்தை எங்களோடு பாதுகாப்பாக இணைக்கும் விபிஎன் தொடர்பு அறுந்து, கப்பலேற்ற வேண்டிய சரக்கின் ஆவணங்கள் ஓர் இரவு முழுவதும் தேங்கிக் கிடந்தன. சரி, பழையதிலேயே இருந்துவிடலாமா? அமெரிக்க அரசின் இணையப் பாதுகாப்பு அமைப்பான சிசா 2021 முதல் வெளியிட்டுவரும், தாக்குதலுக்குப் பயன்பட்ட மென்பொருள் ஓட்டைகளின் பட்டியலில் ஃபயர்வால்களும் விபிஎன் கருவிகளும் திரும்பத் திரும்ப வருகின்றனவே! எங்கள் தோட்டத்துக் கிணற்றில் என் அப்பா இறக்கிய கோயம்புத்தூர் மோட்டார், காயில் கட்டிக் காயில் கட்டி இன்றும் தண்ணீர் இறைக்கிறது. காவலுக்கென்றே வாங்கிய இந்தப் பெட்டியோ, ஒரு திருகுகூடத் தேயாத நிலையில், குப்பைக்குப் போக வேண்டுமாம். முதலாளியிடம் இதை நான் எந்த வாயால் சொல்வேன்?