வேலையின்மை குறைவுதான், ஆனால் ஆள் எடுக்கிறார்களா?

அமெரிக்காவில் வேலையின்மை நாலரை சதவீதத்தை ஒட்டித்தானே இருக்கிறது, அப்புறம் ஏன் படித்து முடித்த பிள்ளைகளுக்கு வேலை கிடைப்பதில்லை என்று பெற்றோர்கள் கேட்கிறார்கள். நியாயமான கேள்வி. ஆனால் அதற்கான பதில் அந்த எண்ணில் இல்லை.

அந்த எண் எப்படி வருகிறது என்று பாருங்கள். மாதாமாதம் சுமார் 60,000 வீடுகளில் விசாரிக்கிறார்கள். 12ஆம் தேதி வருகிற வாரத்தில் சம்பளத்துக்கு ஒரு மணி நேரம் வேலை பார்த்திருந்தாலும் வேலையில் இருப்பவர் என்றுதான் கணக்கு. வேலை பார்க்காதவரிடம், கடந்த நாலு வாரத்தில் தேடினீர்களா என்று கேட்பார்கள். விளம்பரங்களைப் புரட்டியது தேடல் ஆகாது. விண்ணப்பம் அனுப்பியிருக்க வேண்டும், யாரையாவது அணுகியிருக்க வேண்டும். அலைந்து அலுத்துப்போய் தேடுவதை நிறுத்தியவர் இந்த விகிதத்துக்குள் வரவே மாட்டார்.

"இத்தனை லட்சம் வேலைகள் கூடின" என்ற செய்தி வேறொரு கணக்கெடுப்பிலிருந்து வருகிறது. அது நிறுவனங்களின் சம்பளப் பட்டியல். இரண்டு இடத்தில் வேலை பார்ப்பவர் அதில் இரண்டு முறை எண்ணப்படுவார். பல நிறுவனங்கள் தாமதமாகப் பதில் அனுப்புவதால் முதல் எண் பின்னால் மாறும். 2025 மே மாதத்துக்கு முதலில் 1,39,000 என்றார்கள், அடுத்த மாதம் 1,44,000, ஆகஸ்ட் 1 அன்று வெறும் 19,000. அன்றே இந்தக் கணக்குகளை வெளியிடும் தொழிலாளர் புள்ளியியல் அலுவலக ஆணையர் எரிக்கா மெக்கன்டார்ஃபரை டிரம்ப் பதவிநீக்கம் செய்தார். இது பெரிய தவறு என்பதே என் கருத்து. திருத்தம் மோசடி அல்ல, தாமதமாக வந்த பதில்களையும் சேர்த்துப் போட்ட கணக்கு.

வேலை தேடுபவர் பார்க்க வேண்டியது அதே அலுவலகத்தின் 'ஜோல்ட்ஸ்' (JOLTS) அறிக்கை. மொத்த வேலைகளில் நூற்றுக்கு எத்தனை பேரை அந்த மாதம் புதிதாக எடுத்தார்கள் என்று அதில் இருக்கும். 2022 தொடக்கத்தில் நாலுக்கு மேல் இருந்தது, 2025 பிற்பாதியில் சுமார் 3.3. தாமாக வேலையை விடுபவர்கள் நூற்றுக்கு மூன்றிலிருந்து இரண்டாகக் குறைந்துவிட்டார்கள். ஆட்குறைப்போ ஒன்றைச் சுற்றியே நிற்கிறது. உள்ளே இருப்பவரை அனுப்புவதில்லை, அவரும் நகர்வதில்லை, வாசலில் நிற்பவருக்கு நாற்காலி காலியாவதில்லை. வேலையின்மை குறைவாகத் தெரிவதும் புதியவர்கள் திண்டாடுவதும் ஒரே காரணத்தால்தான். துறையையும் பிரித்துப் பாருங்கள்: 2025இல் கூடிய வேலைகளில் பெரும்பங்கு மருத்துவமும் முதியோர் பராமரிப்பும் சார்ந்தவை. கணினித்துறையில் விண்ணப்பிப்பவருக்கு அந்த மொத்த எண்ணால் பயன் இல்லை.

அமெரிக்காவில் படிக்கும் நம் மாணவர்களுக்கு இதில் கழுத்தை நெரிப்பது நாள் கணக்கு. படிப்பு முடிந்தபின் மாணவர் விசாவிலேயே தற்காலிகமாக வேலை பார்க்கத் தரும் ஓபிடி (OPT) அனுமதியில் வேலையில்லாமல் மொத்தம் 90 நாள்தான் இருக்கலாம். அது பட்டமளிப்பு நாளிலிருந்து அல்ல, அனுமதி அட்டையில் உள்ள தொடக்கத் தேதியிலிருந்து ஓடும். படிப்பு முடிந்த 60 நாளுக்குள் எந்தத் தேதியையும் தொடக்கமாகக் கேட்கலாம். கையில் வேலை இல்லையென்றால் அவசரப்பட்டு முதல் நாளைப் போட்டு அந்த இரண்டு மாதத்தை இழக்காதீர்கள். படித்த துறையிலேயே வாரம் 20 மணி நேரம் முறையான தன்னார்வப் பணி செய்தாலும் ஓபிடியின் முதல் கட்டத்தில், அதாவது நீட்டிப்புக்கு முன், அந்த 90இல் நாள் கழியாது. ஆனால் 10 நாளுக்குள் அதைப் பதிவு செய்தாக வேண்டும். வேலை செய்துகொண்டே பதியாமல் விட்டவருக்கும் கணக்கில் நாள் ஓடிக்கொண்டுதான் இருக்கும்.