ஆள் இருந்தால் மட்டும் திறங்க

பாடக் குறிப்புத் தளத்தை யாரும் குறிப்பு அனுப்பலாம் என்று எல்லாருக்கும் திறந்துவிட்டால் குப்பை சேரும் என்று பயப்படுகிறார்கள். குப்பை பார்த்ததும் தெரிந்துவிடும், தூக்கிவிடலாம். முக்கால்வாசி சரியாக இருக்கும் குறிப்புதான் ஆபத்து.

'குற்றாலம், திருநெல்வேலி மாவட்டம்' என்று ஒருவர் அனுப்புவார். 2019 நவம்பர் வரை அது சரி, இப்போது தென்காசி மாவட்டம். ஆதிச்சநல்லூரும் அப்படித்தான், 1986-லேயே தூத்துக்குடிப் பக்கம் போய்விட்டது. பழைய வினா-விடைப் புத்தகத்தைப் பார்த்து நல்லெண்ணத்தில் தட்டியிருப்பார். எழுத்துப்பிழை மட்டும் பார்க்கிறவர் கண்ணில் இது படாது. அதனால் ஒரு குறிப்பை இரண்டு பேர் பார்க்கணும்: ஒருவர் அந்தப் பாடத்தை நடத்துகிறவர், மற்றவர் மொழியும் பட உரிமையும் பார்க்கிறவர்.

இங்கேதான் கணக்கு வருகிறது. மூன்று பேர் ஆளுக்கு வாரம் 2 மணி நேரம் ஒதுக்கினால் மொத்தம் 6 மணி. ஒரு குறிப்புக்கு இருவரும் ஆளுக்கு அரை மணி. ஆக, வாரத்துக்கு ஆறு குறிப்பு. ஆறு வந்ததும் குறிப்பு அனுப்பும் படிவத்தை மூடிவிட்டு, அடுத்த திங்கட்கிழமை திறங்கள். நூறு வாங்கி வைத்துக்கொண்டு இரண்டு மாதம் பதில் சொல்லாவிட்டால், அனுப்பியவர் அப்புறம் எவ்வளவு கூப்பிட்டாலும் வரமாட்டார். திருப்பி அனுப்புவதானால் எந்த வரி, ஏன் என்று எழுதுங்கள்.

படிவத்தில் வகுப்பு, பாடம், தகவல் எடுத்த இடம், படம் எடுத்தவர் இவற்றோடு எந்த ஆண்டுப் பாடநூல் என்பதையும் கட்டாயம் கேளுங்கள். புத்தகம் மாறும்போது பழைய குறிப்புகளைப் பிரித்தெடுக்க அது உதவும். கூந்தன்குளம் பறவைப் படம் அருமையாக இருக்கும், ஆனால் வாட்ஸ்அப்பில் யாரோ அனுப்பியதாக இருக்கும். வேண்டாம். கைடு பக்கத்தை போன் கேமராவில் எடுத்தனுப்பினாலும் அதே பதில். பிள்ளைகளின் முகம் தெரிகிற படத்துக்குப் பெற்றோர் சம்மதம் இல்லாமல் இடமில்லை.

பாமினியில் (ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் வடிவம் காட்டும் பழைய எழுத்துரு) அடித்த கோப்பு வரத்தான் செய்யும். யூனிகோடுக்கு மாற்றியதும் அப்படியே ஏற்றிவிடக் கூடாது. எழுத்துருமாற்றி ஆங்கில எழுத்தையும் தமிழ் என்றே எடுத்துக்கொள்ளும், வேதியியல் வாய்பாடெல்லாம் தமிழில் உளறும். ஒரு வாசிப்பு அவசியம்.

"அண்ணாச்சி அனுப்பினது, அதையும் போய்ப் பார்க்கணுமா?" என்று விட்டுவிடுகிற பழக்கம் நம்ம பக்கம் உண்டு. தொடர்ந்து ஐந்து குறிப்பு திருத்தமில்லாமல் தேறியவருக்கு ஒருவர் பார்த்தால் போதும் என்று தளர்த்தலாம். விடைக்குறிப்புக்கு மட்டும் அந்தச் சலுகை கிடையாது. அண்ணாச்சியே அனுப்பினாலும், இரண்டு பேர் தனித்தனியாகக் கணக்கைப் போட்டு ஒரே விடை வந்த பிறகுதான் ஏற்றணும்.