விவாகரத்து முடிஞ்சுது, வீட்டுக் கடன் விடலை

பரஸ்பர சம்மதத்துல விவாகரத்து ஆயிடுச்சு. வீடும் எனக்கு, மிச்சக் கடனும் எனக்குன்னு தீர்ப்புலேயே இருக்கு. கடனை என் பேருக்கு மட்டும் மாத்தித்தரக் கேட்டா, பேங்க்ல அந்தத் தீர்ப்பைத் திரும்பிக்கூடப் பார்க்கலை. "ரெண்டு பேரும் கையெழுத்துப் போட்டிருக்கீங்க மேடம், உங்க ஒரு சம்பளத்துக்கு இவ்வளவு கடன் வராது"ங்கிறாங்க. இத்தனை மாசமா முழு இஎம்ஐயும் என் அக்கவுண்ட்ல இருந்துதானே போகுது? அது கண்ணுக்குத் தெரியலையா?

முன்னாள் கணவர், வீட்டுல தன் பங்கை எனக்கு விட்டுக்கொடுக்கிற விடுதலைப் பத்திரம் எழுதித்தரத் தயார். அதுக்கும் பேங்க்கோட என்ஓசி, அதாவது ஆட்சேபணை இல்லைங்கிற கடிதம் வேணுமாம், மூலப்பத்திரம் அவங்ககிட்ட அடமானத்துல இருக்கே! ஒரு தவணை தவறினா ரெண்டு பேர் சிபில் ஸ்கோரும் (கடனை ஒழுங்காக் கட்டுறோமான்னு காட்டுற மதிப்பெண்) அடிவாங்கும். பாவம், இந்தக் கடன் அவர் பேர்லயும் நிக்கிறதால அவருக்குப் புதுக் கடனும் கிடைக்கலை.

வேற பேங்க்குக்கு மாத்தலாம்னு போனா, அங்கேயும் முதல் கேள்வி: "கோ-அப்ளிகண்ட் யாரு?" அப்பாவைச் சேர்க்கச் சொல்றாங்க. அவர் ரிட்டயர் ஆகி வருஷக்கணக்காச்சு!