கன்னக் கொழுப்பு அறுவை: கட்டணமும் பாதுகாப்பும்
முகம் மெலிந்து தெரிவதற்காகச் செய்யும் கன்னக் கொழுப்பு நீக்க அறுவையின் செலவை விளக்கிய கட்டுரை ஒன்றைப் படித்தேன். அழகுக்காகச் செய்யும் அறுவைக்கு 18 சதவீத ஜி.எஸ்.டி. உண்டு என்பதையும், மருத்துவக் காப்பீடு பொதுவாகக் கிடைக்காது என்பதையும் அதில் சொல்லியிருக்கலாம். ஓசூரில் வசிக்கும் என் அண்ணன் மகள், பெங்களூரு மருத்துவமனை ஒன்றில் வாங்கிவந்த கட்டண விவரத்தின் அடியில், 'வரியும் மயக்க மருந்தும் தனி' என்று பொடி எழுத்தில் இருந்தது.

பணத்தைவிட எனக்குப் பெருங்கவலை பாதுகாப்புதான். வாய்க்குள் கன்னத்தின் உட்புறத்தைக் கீறி எடுக்கும் அக்கொழுப்பை ஒட்டியே உமிழ்நீர்க் குழாயும், முகத்தசைகளை இயக்கும் நரம்புக் கிளைகளும் செல்வதால், அறுவை செய்பவர் எம்.சிஎச். பிளாஸ்டிக் சர்ஜரி (அத்துறை அறுவை மருத்துவருக்கான உயர்பட்டம்) போன்ற உரிய தகுதி பெற்றவரா என்று விசாரிக்காமல் யாரும் இறங்கிவிடக் கூடாது. வயது ஏற ஏற முகக் கொழுப்பு தானாகவே குறையும் என்பதால், 20 வயதில் இதை எடுத்துவிட்டவர்களுக்குப் பிற்காலத்தில் கன்னம் ஒட்டிப்போகக்கூடும். எடுத்த கொழுப்போ மீண்டும் வளராது.