மூன்று ஏசிக்கு லோடு இருக்கு, ஒரு ஸ்கூட்டருக்கு இல்லையாம்

எங்கள் அபார்ட்மென்ட் பொதுக்குழு மறுபடியும் கூடி, மறுபடியும் கலைந்துவிட்டது. கீழே பார்க்கிங்கில் மின்சார ஸ்கூட்டருக்குச் சார்ஜிங் பாயிண்ட் வைப்பது 'இப்போதைக்கு வேண்டாம்' என்று தீர்மானம். அந்த 'இப்போதைக்கு' எந்த வருஷம் முடியும் என்று மினிட்ஸ் புத்தகத்தில் யாரும் எழுத மாட்டார்கள். வாட்ச்மேன் அறைக்கு என்ன கலர் பெயின்ட் என்பதற்கு முக்கால் மணி நேரம் சண்டை நடந்தது. இதற்கு மட்டும் டீ ஆறுவதற்குள் முடிவு சொல்லிவிட்டார்கள்.

"லோடு தாங்காது சார்." இது செயலாளரின் முதல் வாதம். எந்த லோடு? ஸ்கூட்டரோடு தருகிற வீட்டுச் சார்ஜர் பெரும்பாலும் முக்கால் கிலோவாட்டை ஒட்டித்தான் இழுக்கும். சம்ப்பிலிருந்து மேல் டேங்குக்குத் தண்ணீர் ஏற்றும் ஒரு எச்பி மோட்டாரும் கிட்டத்தட்ட அவ்வளவுதான், 746 வாட். ஒன்றரை டன் ஏசி முழுசாக ஓடினால் ஒன்றரை கிலோவாட், அதாவது இரண்டு ஸ்கூட்டர். செயலாளர் வீட்டில் மட்டும் மூன்று ஏசி. மூன்றாவதை மாட்டும்போது என் வீட்டுக் கதவைத் தட்டி ஆட்சேபணை உண்டா என்று கேட்டாரா? அக்னி நட்சத்திரத்தில் ராத்திரி பத்து மணிக்கு மொத்தக் கட்டடமும் ஏசி போட்டுக்கொண்டு படுக்கும்போது தாங்குகிற ஒயர், என் வண்டியைப் பார்த்ததும் உருகிவிடுமா?

கார் கதை வேறு, அதை ஒத்துக்கொள்கிறேன். 15 ஆம்பியர் பாயிண்டில் கார் 3.3 கிலோவாட் வரை இழுக்கும். சாயங்காலம் ஏழு மணிக்குப் பத்து கார்களை ஒன்றாகச் சொருகினால் கட்டடத்தின் லோடைப் பற்றி உட்கார்ந்து பேசத்தான் வேண்டும். டைமர் வைத்து நள்ளிரவுக்கு மேல் ஒவ்வொன்றாகச் சார்ஜ் ஏற்றலாம், அதற்கெல்லாம் வழி இருக்கிறது. ஆனால் பேச யார் தயார்?

அடுத்த வாதம், தீ. 2022இல் நாட்டில் பல இடங்களில் ஸ்கூட்டர்கள் பற்றி எரிந்ததை நானும் பார்த்தேன், பயம் பொய்யில்லை. அதற்கப்புறம்தான் பேட்டரிக்கான ஏஐஎஸ் 156 பாதுகாப்பு விதிகளைக் கடுமையாக்கி 2022 டிசம்பரிலும் 2023 மார்ச்சிலும் இரண்டு கட்டமாகக் கொண்டுவந்தார்கள். சரி, பேட்டரி என்றாலே பயம் என்று வைத்துக்கொள்வோம். இங்கே பாதி வீட்டு ஹாலில், செருப்பு ஸ்டாண்டுக்குப் பக்கத்தில், இன்வெர்ட்டருக்காக 150 ஏஎச் பேட்டரி ஒன்று உட்கார்ந்திருக்கிறதே? உள்ளே ஆசிட். சார்ஜ் ஏறும்போது ஹைட்ரஜன் வெளியே விடும். அதன் மேல் பழைய பேப்பரை அடுக்கி வைத்திருக்கிறார்கள்! பவர் கட் காலத்தில் வாங்கியது, பழகிவிட்டது, அதனால் பயமில்லை.

உண்மையான ஆபத்து எது தெரியுமா? பாயிண்ட் கிடைக்காதவர்கள் மூன்றாவது மாடி பால்கனியிலிருந்து எக்ஸ்டென்ஷன் ஒயரைக் கீழே தொங்கவிட்டு, ஒரு மலிவான ஸ்பைக் பஸ்டரில் வண்டியைச் சொருகுவதுதான். மழை பெய்தால் அதன் மேல் ஒரு பிளாஸ்டிக் கவர். எர்த் ஒழுங்காக இல்லை, கசிவைப் பிடிக்கும் ஆர்சிசிபி இல்லை. கமிட்டிக்காரர்கள் தினமும் அந்த ஒயருக்கடியில்தான் வாக்கிங் போகிறார்கள். ஒழுங்கான பாயிண்ட் தருவது ஆபத்து, இது ஆபத்தில்லையாம்.

என் கோரிக்கை ரொம்பச் சின்னது. என் மீட்டரிலிருந்து என் செலவில் பைப் போட்டு ஒயர் இழுக்கிறேன், லோடு மீறினால் கரண்டை நிறுத்தும் எம்சிபியும் ஆர்சிசிபியும் வைக்கிறேன், பாயிண்டை நெஞ்சளவு உயரத்தில் மாட்டுகிறேன். வேளச்சேரிப் பக்கம் இருப்பவனுக்கு அந்த உயரம் ஏன் என்று விளக்க வேண்டியதில்லை. மழை எச்சரிக்கை வந்தாலே வெள்ளத்துக்குப் பயந்து காரை மேம்பாலத்தில் கொண்டுபோய் நிறுத்துகிற ஊர் இது. பொதுக் கரண்டிலிருந்து ஒரு பைசா வேண்டாம். இன்னொன்று, 2024 பிப்ரவரியில் மத்திய அரசு மின் நுகர்வோர் உரிமை விதிகளைத் திருத்தி, மின்வாகனச் சார்ஜிங்குக்குத் தனி இணைப்பே கேட்டு வாங்கலாம் என்று சொல்லியாயிற்று. அதை அச்செடுத்துக்கொண்டு போனேன். "அதெல்லாம் டெல்லி ரூல் சார், நம்ம பில்டிங்குக்கு பைலா இருக்கு" என்று சங்கத்தின் விதிப் புத்தகத்தைக் காட்டினார் செயலாளர். அப்புறம் குரலைத் தாழ்த்தி, "உங்களுக்குக் குடுத்தா எல்லாரும் கேப்பாங்க சார்" என்றார்.

கேட்கட்டுமே! எல்லாரும் கேட்க வேண்டும் என்பதுதானே விஷயம்! மூன்று யூனிட் கரண்டில் சுமார் நூறு கிலோமீட்டர் ஓடும் வண்டி. யூனிட்டுக்கு எட்டு ரூபாய் போட்டாலும் இருபத்து நாலு ரூபாய்தான். அதே தூரத்துக்குப் பெட்ரோல் ஸ்கூட்டர் இரண்டு லிட்டர் குடிக்கும், லிட்டர் நூறைத் தாண்டி எவ்வளவு நாளாயிற்று! ராத்திரி முழுக்க வண்டி வீட்டுக்குக் கீழே சும்மாதான் நிற்கிறது. அதை ஓட்டிக்கொண்டு போய், எங்கேயோ ஒரு மால் பார்க்கிங்கில் காத்துக்கிடந்து சார்ஜ் ஏற்றிக்கொண்டு வர வேண்டுமாம்.

மொட்டை மாடிக் கதை இதைவிடக் கேவலம். எங்கள் கட்டடத்தில் லிஃப்ட் உண்டு. அதனால் 2023இல் பத்து வீட்டுக்கு மேற்படாத, மூன்று மாடிக்கு மிகாத, லிஃப்ட் இல்லாத குடியிருப்புகளுக்கு அரசு குறைத்த 5.50 ரூபாய் கட்டணம் எங்களுக்குக் கிடையாது. லிஃப்டுக்கும் மோட்டாருக்கும் மாடிப்படி விளக்குக்கும் யூனிட் எட்டு ரூபாய்க்கு மேல் கொடுக்கிறோம், அதற்காக மாதாமாதம் மெயின்டனன்ஸ் ஏறுகிறது என்று புலம்புகிறோம். தலைக்கு மேலே ஆயிரம் சதுர அடி வெயில் சும்மா காய்கிறது. அதில் பத்து கிலோவாட் சோலார் போடலாம், நாளொன்றுக்கு சுமார் நாற்பது யூனிட் வரும். மாடி சோலாருக்கான மத்திய அரசின் பிஎம் சூர்யா கர் திட்டத்தில் குடியிருப்புச் சங்கங்களின் பொது உபயோகத்துக்குக் கிலோவாட்டுக்கு 18,000 ரூபாய் மானியம், அந்தப் பொது உபயோகத்தில் வண்டிச் சார்ஜிங்கும் சேர்த்தி! மோட்டாரைப் பகலில் ஓட்டினாலே பணம் மிச்சம். இதையும் வைத்தேன். மேல்மாடிக்காரர் "ஒழுகும்" என்றார். கீழ்வீட்டுக்காரர் "எனக்கென்ன லாபம்" என்றார். ஒரு மாமி வடாம் எங்கே காயப்போடுவது என்று கேட்டார். அது ஒன்றுதான் நியாயமான கேள்வி, பேனலை உயரமாக ஸ்டாண்ட் போட்டு மாட்டினால் அதற்கும் இடம் கிடைக்கும். பொது இடம் என்ற கணக்குப்படி மாடி எல்லாருக்கும் சொந்தம், ஆகவே யாரும் அதைத் தொடக்கூடாது.

இது ஏதோ வசதியில்லாத மாநிலமா? முப்பந்தலில் தொடங்கிக் காற்றாலை மட்டும் 10,000 மெகாவாட்டுக்கு மேல் நிற்கிறது. கமுதியில் 648 மெகாவாட் சோலார் 2016இலேயே வந்தாயிற்று. மிஞ்சுகிற கரண்டில் தண்ணீரை மேல் அணைக்கு ஏற்றி வைத்து, தேவைப்படும்போது கீழே இறக்கி மின்சாரம் எடுக்கிற வேலையைக் காடம்பாறை மின்நிலையம் எண்பதுகளின் கடைசியிலிருந்தே செய்துகொண்டிருக்கிறது, 400 மெகாவாட் அளவுக்கு. 2010இல் ஒரு யூனிட் (கிலோவாட்-மணி) கொள்ளளவுக்கு 1,100 டாலருக்கு மேல் விற்ற லித்தியம் பேட்டரி, 2024இல் 115 டாலருக்கு இறங்கிவிட்டது. ஸ்கூட்டரை ஓசூரிலும் கிருஷ்ணகிரிப் பக்கமும் செய்து நாடு முழுக்க அனுப்புகிறோம். 2025 ஜூனிலேயே சென்னை வியாசர்பாடி பணிமனையிலிருந்து 120 தாழ்தள மின்சாரப் பஸ்கள் கிளம்பிவிட்டன. ஆடிக்காற்று கொட்டும்போது வாங்க ஆளில்லாமல் காற்றாலையை நிறுத்தி வைக்கிற கொடுமையும் இங்கேதான் நடக்கிறது. அந்த ராத்திரிக் கரண்டை வாங்கிக்கொள்ள லட்சக்கணக்கான வண்டி பேட்டரிகள் தயார். நடுவில் நிற்பது ஒரு செயலாளர், ஒரு பொருளாளர், ஒரு பைலா.

பக்கத்து மனையில் புதுசாக ஒரு கட்டடம் எழும்புகிறது. புதுக் கட்டடங்களில் பார்க்கிங்கின் 20 சதவீத இடத்துக்குச் சார்ஜிங் வசதி வேண்டும் என்று 2019லேயே மத்திய அரசின் மாதிரிக் கட்டட விதியில் சேர்த்துவிட்டார்கள். ஒரு நப்பாசையில் அங்கே போய், பார்க்கிங்குக்குப் பைப் விடுகிறீர்களா என்று சைட் இன்ஜினியரைக் கேட்டேன். "பார்ட்டி யாரும் கேக்கலயே சார்" என்றார். ஒவ்வொரு பெட்ரூமுக்கும் ஏசி பாயிண்ட் மட்டும் யாரும் கேட்காமலே வருகிறது.

வீடு வாங்கப் போகிறவர்களே, அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன்னால் கேட்டுத் தொலையுங்கள். இப்போது ஒரு பைப்பும் கொஞ்சம் ஒயரும்தான் செலவு. குடிவந்த பிறகு கேட்டால் சுவரை உடைக்கணும், அதற்குச் செயலாளர் கையெழுத்து போடணும்.