அத்தான் தலையாட்டினார்

ஸ்காபரோ, சனிக்கிழமை காலை பத்தே கால் மணி. எல்சிபிஓ என்கிற ஒன்ராறியோ அரசாங்க மதுக்கடையில் வைன் வரிசை. தில்லைநாதன், வயது 61, கல்யாணப் பெண்ணின் அப்பா. யாழ்ப்பாணத்தில் கள்ளு, கனடாவில் விஸ்கி. இரண்டுக்கும் நடுவில் உலகம் இருப்பதை அறியாதவர். கூட வந்திருப்பது மனைவியின் தம்பி குகன். டவுன்டவுனில் ஒரு ரெஸ்ரோறன்ற் கிச்சினில் 18 வருடம் வேலை. அதனால் குடும்பத்துக்குள் வைன் நிபுணர் என்று பெயர். மாப்பிள்ளை போர்த்துக்கேயப் பையன். மேசையில் வைன் இல்லாவிட்டால் அவர்கள் பக்கத்து ஆட்களுக்கு அது விருந்தே இல்லை, நமக்குச் சோறு மாதிரி.

குகன்: அத்தான், அக்கா என்ன சொல்லி அனுப்பினா?

தில்லை: போத்தல் 12 டொலருக்கு மேலே போகக் கூடாது. ஆனால் பார்க்கிறவனுக்கு 30 டொலர் மாதிரித் தெரிய வேண்டும்.

குகன்: கூறைச் சேலைக்கும் இதைத்தானே சொன்னா.

தில்லை: சேலையில் விலைச்சீட்டைக் கிழித்துவிடலாம். போத்தலில் லேபலைக் கிழித்தால் கள்ளமாகக் காய்ச்சின கசிப்பு என்று நினைப்பார்கள். இங்கே பார், இது நல்லாயிருக்கு. கோட்டை, கொத்தளம், வாசலில் சிங்கம். 9 டொலர்! கோட்டையையே 9 டொலருக்குத் தருகிறான்.

குகன்: கோட்டை பெரிதாக இருந்தால் உள்ளே சரக்கு சின்னது, அத்தான். எங்கள் கிச்சினில் சோஸ் வைக்க வாங்குவதெல்லாம் கோட்டைதான். கீழே வையுங்கள்.

தில்லை: அப்ப இது? மேப்பிள் இலை போட்டிருக்கு. சோறு போட்ட நாட்டுக்கு நன்றியாகவும் போகும்.

குகன்: பின்பக்கத்துச் சின்ன எழுத்தை வாசியுங்கள். இறக்குமதி வைனையும் உள்நாட்டு வைனையும் கலந்தது. வெளிநாட்டிலிருந்து மொத்தமாக வரும், இங்கே கலந்து போத்தலில் அடைப்பார்கள்.

தில்லை: வெளியே கனடா, உள்ளே வேறு ஊரா?

குகன்: ஓம்.

தில்லை: அது நான்தானே! பாஸ்போர்ட் கனடா, உள்ளே கரவெட்டி.

குகன்: விகியூஏ என்று எழுதியிருந்தால் முழுக்க ஒன்ராறியோத் திராட்சை. நயாகராப் பக்கத்து றீஸ்லிங் என்கிற வெள்ளை வைன் நம் சாப்பாட்டுக்கு அருமையாகப் போகும். ஆனால் அக்கா சொன்ன விலைக்குள் கிடைப்பது கஷ்டம்.

(வரிசையின் முனையில் ஒரு கடைப்பெண் விரல்நுனி அளவுப் பிளாஸ்டிக் கிண்ணத்தில் சிவப்பு வைன் ருசி பார்க்கக் கொடுத்துக்கொண்டிருக்கிறாள். அத்தான் வாங்கி, மருந்து குடிப்பது போல ஒரே மடக்கில் விழுங்குகிறார். பிடித்திருக்கிறதா என்று அவள் கேட்கிறாள். அத்தான் புன்னகையோடு தலையை ஆட்டுகிறார். அவள் முகம் வாடுகிறது. வேறொரு போத்தலைத் திறக்கிறாள். இப்படியே நான்கு கிண்ணம்.)

தில்லை: நல்ல பிள்ளை. விடாமல் ஊற்றுகிறாள்.

குகன்: எப்படி இருக்கு?

தில்லை: நாக்கு உள்ளே இழுக்குது. இளம் பாக்கைச் சப்பின மாதிரி.

குகன்: அதுதான் டானின். திராட்சைத் தோலிலும் விதையிலும் இருந்து வருவது.

தில்லை: துவர்ப்பு என்று நம் பாட்டி ஒரு சொல்லில் சொன்னதை நீ இங்கிலீசில் சொல்லிச் சம்பளம் வாங்குகிறாய்.

குகன்: சரி, துவர்ப்பு. அதோடு உறைப்பு சேரக் கூடாது அத்தான். எங்கள் ரெஸ்ரோறன்றில் ஒருநாள் வேலை முடிந்த பிறகு நான் இறால் பிரட்டல் வைத்தேன். வைன் ஊற்றுகிறவர், படித்த மனிசன், மேசையில் மிஞ்சியிருந்த விலை கூடின கபர்னே சோவின்யோன் என்கிற துவர்ப்பான சிவப்பு வைனை எடுத்து அதோடு குடித்தார். பிறகு அவரை ஐஸ் மெஷினுக்குள்ளே இருந்துதான் எடுத்தோம். அற்ககோல் கூடக்கூட உறைப்பும் கூடும். 14 சதவீதம் என்றால் அடுப்பில் எண்ணெய் ஊற்றுவது போல.

தில்லை: நம் மெனு என்ன தெரியுமோ? மட்டன் ரோல்ஸ், டெவில் சிக்கன், கணவாய்ப் பிரட்டல். உன் அக்கா சமையல்காரரிடம் "வெள்ளைக்காரர் வருகிறார்கள், உறைப்பைக் குறையுங்கோ" என்று சொல்லியிருக்கிறா.

குகன்: குறைப்பாரா?

தில்லை: அவர் குறைத்ததைத்தான் போன கிழமை ருசி பார்த்தேன். இன்னும் காதுக்குள்ளே கேட்குது.

குகன்: அப்ப முடிவு. சிவப்பு கொஞ்சமாக, வெள்ளை தாராளமாக. குளிர்ந்ததாக, அற்ககோல் குறைந்ததாக, லேசாக ஒரு இனிப்போடு.

தில்லை: எத்தனை போத்தல் வேண்டும்?

குகன்: ஒரு போத்தல் 750 மில்லிலீற்றர். கிளாஸுக்கு 150 ஊற்றினால் 5 கிளாஸ். அவர்கள் பக்கம் பெரியவர்கள் 100 பேர். ஆளுக்கு அரைப் போத்தல் என்று வைத்தால் 50.

தில்லை: நம் பக்கம் 180 பேர். ஆனால் கணக்கில் சேர்க்காதே. ஆம்பிளைகள் விஸ்கிதான். பெண்கள் ஒருவரும் தொடவே மாட்டார்கள்.

குகன்: போன வருடம் சின்னக்கா வீட்டுக் கல்யாணத்திலும் இதைத்தான் சொன்னார்கள். "சும்மா ருசி பார்க்க" என்று அன்ரிமார் மேசையில் ஒரு போத்தல் வைத்தோம். ஒன்பது போத்தல் ருசி பார்த்தார்கள்.

தில்லை: அந்த மேசையில் உன் அக்கா இருந்தவவோ?

குகன்: நான் குடும்பம் பிரிக்க வரவில்லை, வைன் வாங்க வந்தேன். நம் பக்கத்துக்கு 22 போடுவோம். மொத்தம் 72, ஆறு பெட்டி.

தில்லை: மிஞ்சினால்?

குகன்: திறக்காத போத்தலை 30 நாளுக்குள் பில்லோடு கொண்டுவந்தால் காசு தருவார்கள். அதனால் கொஞ்சம் கூட வாங்கினால் நட்டமில்லை. ஆனால் ஒன்று: எல்லாப் போத்தலையும் ஒரேயடியாக ஐஸ் தண்ணிக்குள் போடக் கூடாது. லேபல் ஊறிக் கழன்றால் திருப்பி எடுக்க மாட்டார்கள். பத்துப் பத்தாகப் போட வேண்டும்.

தில்லை: அந்த வேலையைப் பெரியப்பாவிடம் கொடுப்போம். ஐஸ் பெட்டிக்குப் பக்கத்தில் கதிரை போட்டுவிட்டால் அவரும் எழும்ப மாட்டார், போத்தலும் போகாது.

குகன்: வெறும் போத்தலையும் எறிய விடாதீர்கள். ஒன்றுக்கு 20 சதம் வைப்புக்காசு. 72க்கு 14 டொலர் 40 சதம் திரும்பி வரும்.

தில்லை: அதுவும் பெரியப்பாவுக்கு. அவருடைய பெட்ரோல் காசு. சரி, பெர்மிட் எடுத்தாயா?

குகன்: எடுத்தாச்சு, 50 டொலர். விற்பனை இல்லாத விருந்துக்கான பெர்மிட். அதாவது குடிக்கக் கொடுத்துவிட்டு ஒருவரிடமும் காசு வாங்கக் கூடாது.

தில்லை: (குரலைத் தாழ்த்தி) அப்ப வாசலில் என்வலப் வாங்குகிற பெட்டி?

குகன்: அது அன்பளிப்பு, அத்தான்.

தில்லை: உன் சின்னக்கா பேர் எழுதி, தொகை எழுதி, போன முறை நாங்கள் கொடுத்ததோடு ஒப்பிட்டு, குறைந்தவர்களுக்கு இரவோடிரவாக போன் பண்ணுவா. அதுவும் அன்பளிப்போ?

குகன்: இன்ஸ்பெக்டர் வந்தால் அவவைப் பின்கதவால் அனுப்புவோம். இதோ, நான் தேடினது இதுதான். வின்யோ வெர்டே. போர்த்துக்கல்லின் வடமேற்கு மூலையிலிருந்து வருவது. 11 டொலர்.

தில்லை: என்ன அர்த்தம்?

குகன்: பச்சை வைன்.

தில்லை: வெள்ளையாகத்தானே இருக்கு?

குகன்: இளசு என்கிற பொருளில் பச்சை. பச்சைப் பிள்ளை என்று சொல்வதில்லையா, அப்படி. வருடக்கணக்கில் வைத்துக் குடிக்கிற சாமான் இல்லை இது. வந்த சூட்டோடு குடித்துவிட வேண்டும். 9, 10 சதவீதம்தான். கொஞ்சம் புளிப்பு, நாக்கில் சுருசுரு என்று ஒரு சின்ன நுரை.

தில்லை: (போத்தலைக் கண்ணுக்குக் கிட்டப் பிடித்து) காலையில் இறக்கி மத்தியானத்துக்குள் குடிக்க வேண்டும். புளிப்பு. நுரை. டேய், இது பனங்கள்ளடா!

குகன்: மெதுவாகப் பேசுங்கள், அத்தான்.

தில்லை: பொழுதுபட்டால் கடுத்துவிடும் என்று சொல்லு, நான் இங்கேயே அழுதுவிடுவேன்.

குகன்: இன்னும் கேளுங்கள். அந்த ஊரில் பழைய காலத்தில் எல்லாத் திராட்சைக்கும் பந்தல் கிடையாது. கொடியை மரத்திலே ஏற்றிவிடுவார்களாம். பழம் பறிக்க ஏணி வைத்து மேலே ஏற வேண்டும்.

தில்லை: மரம் ஏறி இறக்கினார்களா?

குகன்: ஓம். சிவப்பிலும் வின்யோ வெர்டே உண்டு. அதைக் கிளாஸில் ஊற்றாமல் வெள்ளைப் பீங்கான் கிண்ணத்தில் ஊற்றிக் குடிப்பது அந்தப் பக்கத்துப் பழக்கம்.

தில்லை: பனையோலைப் பிளாவில் குடிக்கிறான் என்று சொல்லு! ஓலை கிடைக்காததால் பீங்கான். என்ன மனிசர்! 1619இல் யாழ்ப்பாணத்தைப் பிடித்து, கோயிலை இடித்து, 1658இல் ஒல்லாந்தன் வந்து துரத்தும் வரைக்கும் ஆட்டம் போட்டவர்கள் என்று அவர்கள் மேல் ஒரு கோபம் வைத்திருந்தேன். இதை ஒருத்தரும் எனக்குச் சொல்லவில்லை.

குகன்: சம்பந்திகளிடம் அந்த 1619ஐ எடுக்காதீர்கள்.

தில்லை: மாப்பிள்ளையின் அப்பப்பாவிடம் போன ஞாயிற்றுக்கிழமையே எடுத்தாச்சு.

குகன்: அவருக்கு இங்கிலீஷ் தெரியாதே?

தில்லை: எனக்கு மட்டும் என்ன கொட்டியா கிடக்கு? கராஜுக்குள்ளே கூட்டிக்கொண்டு போனார். நான் மேசையைத் தட்டி "மேசை" என்றேன். அவர் கண்ணை விரித்து "மேசா!" என்றார். யன்னலைக் காட்டினேன், "ஷனெலா" என்றார். அலமாரியைக் காட்டினேன், அவரும் ஏதோ அர்மாரி என்றார். அதற்குப் பிறகு மூலையில் ஒரு பெரிய மரப் பீப்பா. நான் "பீப்பா" என்றதும் மனிசன் என்னைக் கட்டிப்பிடித்து "பீப்பா! பீப்பா!" என்று அழுதுவிட்டார்.

குகன்: பீப்பாவுக்குள் என்ன?

தில்லை: அவர் கையால் போட்ட வைன். ஒவ்வொரு வருடமும் இலையுதிர் காலத்தில் பெட்டி பெட்டியாகத் திராட்சை வாங்கி, கராஜிலேயே நசித்துப் போடுகிறாராம்.

குகன்: ருசி?

தில்லை: மூன்றாம் நாள் கள்ளு. மரியாதைக்கு இரண்டு கிண்ணம் குடித்தேன். கல்யாணத்துக்கு ஒரு பீப்பா தருவதாக விரலைக் காட்டினார். நான் சரி என்றேன்.

குகன்: சும்மா கொடுக்கிற வீட்டு வைன்தானே, குடும்பக் கல்யாணத்தில் வைக்கலாம். அவருடைய மேசைக்குப் போதும்.

தில்லை: ஆனால் ஒன்று விளங்கவில்லை. நான் சரி சொல்லச் சொல்ல விரலைக் கூட்டிக்கொண்டே போனார். ஒன்று என்றார், சரி என்றேன். இரண்டு என்றார், சரி என்றேன். கடைசியில் பக்கத்து வீட்டுக்காரனையும் கூப்பிட்டு அவனிடமும் ஒன்று கேட்டு மூன்று ஆக்கினார். அப்படி ஒரு தாராளம்.

குகன்: மூன்று பீப்பாவா? ஒன்று எவ்வளவு பெரிது?

தில்லை: இடுப்பளவு உயரம். உள்ளே 225 லீற்றர் என்று மருமகன் சொன்னார்.

குகன்: ஒரு பீப்பாவுக்கு 300 போத்தல். மூன்றுக்கு 900! வருகிறதே 300 பேர், அதிலும் 20 சின்னப் பிள்ளைகள்! நீங்கள் சரி என்று எப்படிச் சொன்னீர்கள்?

தில்லை: நாம் எல்லாரும் சொல்கிற மாதிரித்தான்.

குகன்: வாயால் சொன்னீர்களா?

தில்லை: கிழவருக்குத் தமிழ் தெரியாதே. தலையை ஆட்டினேன்.

குகன்: ஐயோ அத்தான்! இப்படியும் அப்படியும் ஆட்டினால் அவர்களுக்கு அது "இல்லை" என்று அர்த்தம். பாவம் மனிசன், நீங்கள் போதாது என்கிறீர்கள் என்று நினைத்துப் பக்கத்து வீட்டில் கடன் வாங்கியிருக்கிறார்! அந்த ருசி பார்க்கக் கொடுத்த பிள்ளையும் அதனால்தான் நாலு போத்தல் திறந்தாள்.

தில்லை: அவர்கள் தலையில் பிழை இருந்தால் நான் என்ன செய்ய?

குகன்: மருமகனிடம் சொல்லி ஒரு பீப்பாவாகக் குறைப்போம். அதையும் அவர் மேசைப் பக்கமாக ஒதுக்கி வைப்போம். மற்றவர்களுக்கு இந்தப் பச்சை வைன். 72 போத்தல், 792 டொலர், வைப்புக்காசோடு 806 டொலர் 40 சதம். பெடியனிடம் ஆறு பெட்டி எடுத்துவரச் சொல்லிவிட்டேன். பில்லைத் தொலைக்காதீர்கள், விருந்தன்று மண்டபத்தில் கையில் இருக்க வேண்டும். நான் போய் வாகனத்தை வாசலுக்குக் கொண்டுவருகிறேன்.

தில்லை: நீ போ. காசு கட்டுவது எனக்குத் தெரியாதா?

(பத்து நிமிடம் கழித்து குகன் உள்ளே வருகிறார். கவுண்டருக்குப் பக்கத்தில் இரண்டு தள்ளுவண்டிகள். பெட்டிகள் அத்தானின் தோள் வரைக்கும் நிற்கின்றன.)

குகன்: இது என்ன, பத்துப் பெட்டி இருக்கு?

தில்லை: அதுதான் எனக்கும் விளங்கவில்லை. பெடியன் ஒவ்வொரு பெட்டியாகக் கொண்டுவந்து வைத்துவிட்டு "போதுமா சேர்?" என்று கேட்டான். போதும் என்று நானும் ஒவ்வொரு முறையும் சொன்னேன்.

குகன்: எப்படிச் சொன்னீர்கள்?

(அத்தான் செய்து காட்டினார். தூரத்தில் நின்ற பெடியன் அதைப் பார்த்துவிட்டுப் பதினோராவது பெட்டி எடுக்க உள்ளே போனான்.)