ஸ்மைலில் ஃப்ளாப் இல்லை, சரி. எக்டேசியா?

கண்ணாடி போடாமல் இருக்கச் செய்யும் ஸ்மைல் லேசர் அறுவை பற்றி ஒருவர், “ஸ்மைல் முறையில் ஃப்ளாப்பே கிடையாது, அதனால் கருவிழி புடைக்க வாய்ப்பே இல்லை, ஸ்கேன் எல்லாம் வீண் செலவு” என்று எழுதியிருக்கிறார். முதல் பாதி சரி. மீதி தவறு.

லேசிக் என்ற இன்னொரு லேசர் முறையில் கருவிழியின் மேற்புறத்தை மடல் போல வெட்டித் திறப்பார்கள், அதுதான் ஃப்ளாப். ஸ்மைலில் அது இல்லாததால் ஃப்ளாப் நகரும் தொல்லை இல்லை. கண் வறட்சியும் பொதுவாகக் குறைவு. ஆனால் எக்டேசியா, அதாவது கருவிழி வலுவிழந்து முன்னால் புடைப்பது, ஃப்ளாப்பை மட்டும் பொறுத்ததல்ல. லேசிக்குக்குப் பின் இது வருவதை 1998-லேயே சைலர் என்ற ஜெர்மன் மருத்துவர் பதிவு செய்தார். ஸ்மைலுக்குப் பின்னும் நோயாளிகளிடம் பதிவாகியிருக்கிறது.

ஸ்மைலிலும் கருவிழித் திசு வெட்டி எடுக்கப்படத்தான் செய்கிறது. 480 மைக்ரான் கருவிழியில் மேல்மூடி 120, வில்லை போல வெட்டி எடுக்கும் திசு 110 என்று வைத்துக்கொள்ளுங்கள். அடியில் மிஞ்சுவது 250. லேசிக்கில் பலர் எல்லைக்கோடாகப் பிடிக்கும் அளவே அதுதான். கெரட்டோகோனஸ் (கருவிழி மெலிந்து கூம்பு போல ஆகும் நோய்) வெளியே தெரியாமல் ஆரம்ப நிலையில் இருந்தால், தடிமன் நன்றாக இருந்தாலும் ஆபத்துதான். அதைக் காட்டிக்கொடுப்பது கருவிழியின் வடிவத்தை அளக்கும் அந்த ‘வீண் செலவு’ ஸ்கேன்தான்!

எக்டேசியா வந்துவிட்டால் ரைபோஃப்ளேவின் சொட்டு, புற ஊதாக் கதிர் கொண்டு கருவிழியை உறுதிப்படுத்தும் கிராஸ்லிங்கிங் சிகிச்சை இருக்கிறது. பெரும்பாலும் மோசமாகாமல் நிறுத்தும், பழைய பார்வையை அப்படியே மீட்டுத் தராது.

அப்புறம், காண்டாக்ட் லென்ஸ் போடுபவர்கள் ஸ்கேனுக்கு முன் அதை நிறுத்த வேண்டும். சாஃப்ட் லென்ஸ் என்றால் பொதுவாக 2 வாரம், கெட்டி லென்ஸுக்கு இன்னும் கூடுதல். இல்லையென்றால் அளவே தப்பாக வரும்.